கடற்பயணத்துக்குக் காலம் குறிப்பது எப்படி? பிறைக் கணக்கும் காற்றுக் கணக்கும்



கேளம்பாக்கத்தில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு என்னிடம் வந்தார்கள். மூன்று வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர். அரையாண்டு விடுமுறையில் கோவளத்தில் படகேறி, கரையை ஒட்டியே தெற்கே போய், நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் முன்னோர் கப்பல் ஓட்டிய ஊர்களைக் கடல்வழியாகப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. படகுக்காரர் ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தார்கள்.

"டிசம்பர் 24-க்கு மேல ஒரு நல்ல நாளா பார்த்துச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார் மூத்தவர்.

"நாள் பார்க்கிறது நமக்குக் கிடையாது பாய். காலம் பார்க்கிறது உண்டு. நீங்க சொல்ற காலம் கடலுக்கு ஆகாத காலம்" என்றேன்.

அவருக்கு வருத்தம். பிள்ளைகளுக்கு அப்போதுதானே லீவு, பெரிய வீட்டுக்காரர்களுக்கு அப்போதுதானே வேலையில் விடுப்பு என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அன்று அவருக்கு உட்கார்ந்து விளக்கியதை எல்லாக் குடும்பங்களும் அறிந்திருப்பது நல்லது என்று தோன்றியதால் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

சொல்ல வருவது ஒன்றுதான். நம் வணக்கங்களின் காலம் பிறையைப் பின்பற்றுகிறது. கடல் காற்றின் காலம் சூரியனைப் பின்பற்றுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் ஆபத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயணம் எளிது.

நாள் பார்ப்பதும் காலம் பார்ப்பதும்

ஸஃபர் மாதம் பீடை மாதம், அதில் பயணம் கூடாது என்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. ஸஃபரின் கடைசிப் புதனை 'ஒடுக்கத்துப் புதன்' என்று சொல்லிக் கடற்கரைக்குப் போய்க் குளித்துவரும் வழக்கமும் நம் ஊர்கள் சிலவற்றில் இருந்தது. இவற்றுக்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. ஸஃபரில் பீடை இல்லை என்று நபி (ஸல்) அவர்களே தெளிவாக்கிவிட்டார்கள்.

ஆனால் "எந்த நாளும் அல்லாஹ்வின் நாள்தானே, தவக்குல் வைத்துப் புறப்படுவோம்" என்று இதன் மறுகோடிக்குப் போவதும் சரியில்லை. கொந்தளிக்கும் நேரத்தில் கடலில் ஏறுகிறவர் தமக்குரிய பாதுகாப்பை இழந்துவிடுகிறார் என்ற கருத்தில் ஒரு நபிமொழி, இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் இடம்பெற்றிருக்கிறது.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் தமிழக மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபி ஃபிக்ஹ் நூல். ஹஜ்ஜுக்குக் கடல் வழியாகத்தான் போக முடியும் என்றால், அந்தக் கடலில் பத்திரமாகச் சேர்வதே பெரும்பான்மை வாய்ப்பாக இருக்கும்போதுதான் அப்பயணம் கடமையாகும் என்று அதில் சொல்லப்படுகிறது. கவனியுங்கள்: இஸ்லாத்தின் ஐந்து தூண்களில் ஒன்றுக்கே இந்த நிபந்தனை. அப்படியிருக்க, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் இன்பச் சுற்றுலாவுக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

ஹிஜ்ரி மாதம் ஏன் பருவத்தோடு ஒட்டாது?

ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். சூரிய ஆண்டுக்கு 365 நாள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நம் மாதங்கள் சுமார் 11 நாள் முன்னோக்கி வருகின்றன. ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகளில் ரமளான் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்று சுற்றிவிடும். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுகள் மாதங்களைத் தள்ளிப்போடும் 'நஸீ' என்ற வழக்கத்தை வைத்திருந்தார்கள். அதை அத்தவ்பா அத்தியாயம் தடுத்தது. எனவே நம் மாதங்கள் பருவத்தோடு ஒட்டாமல் நகர்வது குறை அன்று. உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் ஒரு காலம் கோடையிலும் ஒரு காலம் குளிரிலும் நோன்பு கிடைக்க அதுவே வழி செய்கிறது.

ஆனால் காற்று அப்படி நகராது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஐ ஒட்டித் தமிழகத்தில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நிற்கும். சில நாள் முன்பின் ஆகலாமே தவிர, இந்த வரிசை மாறாது.

அரபு மாலுமிகள் கண்ட வழி

'மான்சூன்' என்ற சொல்லே 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் போனது. மவ்ஸிம் என்றால் பருவம், குறித்த காலம். நாம் சொல்லும் 'மாலுமி'யும் அரபு 'முஅல்லிம்'தான். பள்ளியில் பாடம் சொல்பவருக்கும் கப்பலுக்கு வழி சொல்பவருக்கும் ஒரே பெயர்!

ஜுல்ஃபாரில் (இன்றைய ராஸ் அல் கைமா) பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் 15-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற முஅல்லிம். சுமார் 1490-இல் அவர் எழுதிய 'கிதாபுல் ஃபவாயித்' நூலில் எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு எப்போது புறப்பட வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறார். ஐவேளை தொழுத அந்த முஸ்லிம் மாலுமி கப்பல் புறப்படும் நாளை ஹிஜ்ரி மாதத்தில் குறிக்கவில்லை. 'நைரூஸ்' என்ற சூரிய ஆண்டின் முதல் நாளிலிருந்து இத்தனையாவது நாள் என்று எண்ணிக் குறித்தார். தொழுகைக்கும் நோன்புக்கும் பிறை, பாய் விரிப்பதற்கு நைரூஸ். அவருக்கு இதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

இதற்கு முன்பே நம் மண்ணில் நடந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1340-களில் இப்னு பதூதா மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தான் கியாசுத்தீனைச் சந்தித்தார். மாலத்தீவுக்குக் கப்பற்படை அனுப்ப இருவரும் திட்டமிட்டார்கள். சுல்தானின் கடற்படைத் தலைவரோ, இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தத் தீவுகளுக்குக் கப்பல் போக முடியாது என்று சொல்லிவிட்டார். சுல்தானின் ஆணையும் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பாய்மரக் காலத்து ஹாஜிகளின் நிலையும் இதுவே. சூரத்திலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல்கள் மார்ச் மாதவாக்கில் புறப்படும். ஹஜ் மாதம் நகர்ந்துகொண்டே இருக்கும், கப்பல் புறப்படும் மாதம் நகராது. அதனால் சில ஆண்டுகளில் ஹாஜிகள் மக்காவில் மாதக்கணக்கில் தங்கிக் காத்திருந்துதான் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள்.

நம் கரையின் காற்றுக் கணக்கு

கோவளம் முதல் கோடியக்கரை வரை உள்ள கரைக்கு ஆண்டை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

*ஜனவரி பாதி முதல் ஏப்ரல் பாதி வரை:* இதுவே சிறந்த காலம். வாடை தணிந்து, வடகிழக்கிலிருந்து மென்காற்றாக வீசும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பாய்ப்படகு என்றால் பிப்ரவரியில் தெற்கே போவதற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். மார்ச் முடிவுக்குள் காற்று தெற்கிலிருந்து திரும்பும். கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கி வலுத்திருக்கும். போகும்போது ஒரு காற்று, திரும்பும்போது மறு காற்று.

*ஏப்ரல் பாதி முதல் மே முடிய:* வெயில் கடுமை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நடுக்கடலில் உதவிக்கு வரும் படகு குறைவு. வங்கக்கடலில் புயல் உருவாகும் முதல் பருவமும் இதுவே. கூடவே 'கள்ளக்கடல்' என்ற ஆபத்து உண்டு. எங்கோ தென்பெருங்கடலில் எழுந்த அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தது இப்படியொரு எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான்.

*ஜூன் முதல் செப்டம்பர் வரை:* மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் இந்த மாதங்களில் நம் பக்கம் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. இதைத்தான் கச்சான் என்பார்கள். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை பெரிய கப்பலுக்கு இது ஏற்ற காலம். சிறு படகுக்கு முற்பகல் மட்டும் சரி; மாலையில் இடியும் சூறைக்காற்றும் சொல்லாமல் வரும். மேலும், நிலத்திலிருந்து வீசும் காற்றில் இயந்திரம் பழுதானால் படகு கரையை விட்டு விலகிப் போகும் என்பதை மறக்கக் கூடாது.

*அக்டோபர் பாதி முதல் ஜனவரி தொடக்கம் வரை:* வேண்டவே வேண்டாம். வாடையும் கொண்டலும் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். படகைக் கரையில் மோதவைக்கும் காற்று. புயல்களின் முதன்மைப் பருவமும் இதுதான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், 2011 டிசம்பர் 30 கடலூர் அருகே கரைகடந்த தானே, 2016 டிசம்பர் 12 சென்னையைத் தாக்கிய வர்தா, 2018 நவம்பர் 16 வேதாரண்யம் பக்கம் வந்த கஜா, 2022 டிசம்பர் 9 இரவு நம் பக்கத்து மாமல்லபுரத்தருகே கரையேறிய மாண்டஸ், 2024 நவம்பர் 30 புதுச்சேரியை ஒட்டி வந்த ஃபெஞ்சல் என்று பட்டியல் நீளும்.

இந்தப் பாடத்தை ஐரோப்பியர்களும் அடிபட்டுத்தான் கற்றார்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்தார். பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்திக்கொண்டு அக்டோபர் நடுவரை கப்பல்களைத் திறந்த கடலிலேயே நிறுத்திவைத்தார். அக்டோபர் 13 இரவு வந்த புயல் அவருடைய கப்பற்படையைச் சிதைத்தது. சென்னையைப் பிடித்தவரைச் சென்னைக் கடல் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை.

ஒரு கரை, மூன்று கடல்

நீண்ட பயணம் என்றால் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோவளத்திலிருந்து புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, நாகூர் வழியாகக் கோடியக்கரை வரை திறந்த வங்கக்கடல். கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பும். அங்கிருந்து அதிராம்பட்டினம், தொண்டி, பாம்பன் வரை ஆழம் குறைந்த பாக் விரிகுடா. பாம்பனைத் தாண்டினால் கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி உள்ள மன்னார் வளைகுடா.

பாம்பனின் இரு பக்கமும் ஒரே நாளில் ஒரே மாதிரி இருக்காது. வாடைக் காலத்தில் வடக்கே உள்ள பாக் விரிகுடா கலங்கும், தெற்கே மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும். கச்சான் காலத்தில் இது தலைகீழ். ராமேசுவரம் தீவு மீனவர்கள் பருவத்துக்கேற்பப் படகைப் பக்கம் மாற்றிக்கொள்வது இதனால்தான். ஆக, ஜூலையில் சென்னைக் கடல் நன்றாக இருக்கிறதே என்று கிளம்புகிறவர் கீழக்கரையை நெருங்கும்போது பெருங்காற்றைச் சந்திப்பார். மூன்று கடலும் ஒருசேர அமைதியாக இருக்கும் காலம் பிப்ரவரியும் மார்ச்சும்தான். பாம்பன் பாலத்தைக் கடக்கத் துறைமுக அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்று, பாலம் தூக்கப்படும் நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டும். எனவே அட்டவணையில் இரண்டு மூன்று நாள் கூடுதலாக விடுங்கள்.

நம் ஊரை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயையும் இங்கே நினைக்க வேண்டும். 1806-இல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கி, பின்னர் தெற்கே மரக்காணம் வரை நீண்டது அது; 1877–78 பஞ்ச நிவாரண வேலையில் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய தோணிகள் கடலின் பருவத்துக்கு அஞ்சாமல் கரைக்குள்ளேயே போய்வந்தன. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இக்கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைப் பற்றியதே. இப்போது அதில் நெடும்பயணம் இல்லை. முட்டுக்காட்டில் படகுக் குழாம் மட்டும் மிச்சம். கடல் சரியில்லாத மாதத்தில் பிள்ளைகளுக்குப் படகு காட்ட வேண்டுமானால் அது போதும். அதுவும் மழை, காற்று இல்லாத நாளில்.

பிறைக்கு உரிய பங்கு: ஓதம்

அப்படியானால் கடலில் பிறைக்கு வேலையே இல்லையா? உண்டு. காற்று சூரியனுடையது என்றால் ஓதம் சந்திரனுடையது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். நம் கணக்கில் பிறை 1 முதல் 3 வரையும், 15 முதல் 17 வரையும் ஓதம் வலுவாக இருக்கும். பிறை 8, 9 மற்றும் 22, 23-ஐ ஒட்டி ஓதம் மெலியும். தேதி தெரிந்தால் ஓதம் தெரியும் என்பது சூரிய நாட்காட்டிக்கு இல்லாத வசதி.

சென்னைப் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனாலும் கோவளம், பழவேற்காடு போன்ற முகத்துவாரங்களில் அதுவே பெரிது. மணல்திட்டு அடைத்த குறுகிய வாயில் வழியாக நீர் வெளியேறும்போது எதிரே அலை வந்தால் சிறு படகு புரண்டுவிடும். முகத்துவாரத்தைக் கடக்கும் பயணத்தை ஓதம் மெலிந்த நாளில் வையுங்கள். இரவில் கடலில் இருக்கப் போகிறீர்கள் என்றால் பிறை 12 முதல் 16 வரை நிலவொளி துணை.

நாளுக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. இரவின் பிற்பகுதியில் நிலக்காற்று கடலுக்கு வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்து அலையைக் கூட்டும். நம் மீனவர்கள் விடியலுக்கு முன் நிலக்காற்றில் போய், கடற்காற்றில் கரை திரும்புவது இதனால்தான். குடும்பத்தோடு போகிறவர்கள் ஃபஜ்ரு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, ளுஹருக்குள் அடுத்த துறையை அடைந்துவிடுவது நல்ல ஒழுங்கு.

வரும் பெருநாட்களும் விடுமுறைகளும்

இப்போது இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். பிறை தெரிவதைப் பொறுத்து ஓரிரு நாள் மாறலாம்.

2026-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 20-ஐ ஒட்டி வருகிறது. 2028-இல் பிப்ரவரி கடைசி வாரம், 2030-இல் பிப்ரவரி முதல் வாரம். அதாவது இந்த ஆண்டுகளில் பெருநாள் முடிந்ததும் கடல் அமைதியாகவே இருக்கும். "பெருநாள் முடிந்தால் படகுப் பயணம்" என்று குடும்பங்களில் ஒரு பழக்கமே உருவாகிவிடக்கூடும்.

அங்கேதான் கவனம் வேண்டும். 2033-இல் நோன்புப் பெருநாள் இருமுறை வரும்: ஜனவரி தொடக்கத்தில் ஒருமுறை, டிசம்பர் கடைசி வாரத்தில் மறுமுறை. அதற்குப் பின் சில ஆண்டுகள் அது டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று புயல் மாதங்களுக்குள்ளேயே பின்னோக்கிப் போகும். இன்றைய பிள்ளைகள் அப்போது இளைஞர்கள். "சின்ன வயசுல பெருநாளைக்கு மறுவாரம் போவோமே" என்ற நினைவில் அவர்கள் படகேறினால் என்ன ஆகும்? 2000 முதல் 2004 வரை பெருநாள் மழைமாதங்களில் வந்ததை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயில் திறக்கிறது. 2026-இல் மே இறுதியில் வரும் ஹஜ்ஜுப் பெருநாள் 2030-இல் ஏப்ரல் நடுவுக்கும், 2033-இல் மார்ச் நடுவுக்கும் வந்துவிடும். அந்த ஆண்டுகளில் குடும்பப் பயணத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறைதான் உண்மையான சிக்கல். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில், கடலுக்கு ஆகாத காலத்தில். நல்ல மாதங்களான பிப்ரவரி, மார்ச்சில் தேர்வுகள். முழு நெடும்பயணம் பிள்ளைகளோடு முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதைத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வதே வழி: ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியின் ஒரு வார இறுதியில் ஒரு பகுதி, அடுத்த ஆண்டு மறு பகுதி. ஒரு ஊருக்கும் மறு ஊருக்கும் இடையே பேருந்திலோ ரயிலிலோ போகலாம்.

விடுமுறையை மட்டும் பார்த்துப் புறப்படுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2011 டிசம்பர் 25 சாட்சி. அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து, உறவினர்களாகச் சேர்ந்து போன 22 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில் தானே புயல் வந்தது. பருவம் மட்டும் காரணமில்லை. உயிர்காப்பு அங்கி இல்லாமல் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும் காரணம். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இருட்டிய பிறகு, அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து அங்கும் 22 பேர் இறந்தார்கள். அதில் ஒரே குடும்பத்தார் பலர், பெரும்பாலோர் பிள்ளைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இன்றைய கப்பல்களும் அதே கணக்கில்தான்

இயந்திரம் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பலைப் பாருங்கள். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையால் ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கி, மழைக்காலத்தில் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில் திரும்பவும் ஓடியது. ஆகஸ்டில் தொடக்கம், நவம்பரில் நிறுத்தம், பிப்ரவரியில் மறுதொடக்கம்: இப்னு மாஜித் பார்த்தால் புன்னகைத்திருப்பார்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டேலியா' சொகுசுக் கப்பல் முதன்முதலாகப் புறப்பட்டது 2022 ஜூன் 4 அன்று. மும்பைப் பக்கம் கடல் கொந்தளிக்கத் தொடங்கும் மாதத்தில் கப்பல் கிழக்கே வந்ததும் இதே கணக்குதான். இப்படிப்பட்ட கப்பலில் போக நினைப்பவர்கள் உணவு ஹலாலா என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். மதுவும் சூதாட்டக் கூடமும் உள்ள இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

புறப்படும் முன்

ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையத்தின் அலை உயர முன்னறிவிப்பையும் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிப்பு இருந்தால் அது நமக்கும்தான். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் 1 ஏற்றினாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அது தொலைவில் புயல் சின்னம் இருக்கிறது என்பதற்கான குறி.

படகுக்காரரிடம் உரிமத்தையும், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று, பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில். முன்பணம் கொடுக்கும்போதே "கடல் சரியில்லை என்றால் தேதி மாற்றுவோம்" என்று பேசிக்கொள்ளுங்கள். கொடுத்த காசு போய்விடுமே என்ற எண்ணமே பலரைத் தவறான நாளில் படகேற்றுகிறது.

தொழுகை பற்றிச் சுருக்கமாக: பயண தூரம் இருந்தால் நான்கு ரக்அத்தைச் சுருக்கித் தொழலாம். ளுஹர்–அஸரையும், மஃரிப்–இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்தந்த நேரத்தில் தொழ வேண்டும். நிற்க முடிந்தால் நின்றும், தலைசுற்றி விழும் அச்சம் இருந்தால் உட்கார்ந்தும் தொழலாம். நம் கரையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கடல் நீரில் உளூ கூடும்.

அந்தக் குடும்பத்தார் டிசம்பர் பயணத்தைக் கைவிட்டார்கள். மூத்தவருக்கு என்மேல் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் நாகூர் வரை போய், அங்கிருந்து காலையில் இரண்டு மணி நேரம் படகில் சுற்றிவந்தார்கள். பாம்பனுக்கு அடுத்த ஆண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். "அடுத்த வருஷம் எந்த வாரம் ஹஜ்ரத்?" என்று இப்போது அவர்கள் வீட்டுச் சிறுவன் கேட்கிறான். அவன் கையில் இரண்டு நாட்காட்டி கொடுத்திருக்கிறேன். ஒன்று பிறைக்கு, ஒன்று காற்றுக்கு.

அல்லாஹ் நம் பயணங்களைப் பத்திரமானவையாக ஆக்குவானாக! ஆமீன்.